கச்சானுக்குத் தடை: கனடியப் பாடசாலைகளும் எம்மவர் சாப்பாட்டுப் பெட்டியும்

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் ஒவ்வோர் ஆண்டும் செப்டெம்பர் மாத ஆரம்பத்தில் பாடசாலைகள் திறக்கப்படுகின்றன. முதல் வாரம் முடிவதற்கிடையில் பிள்ளையின் புத்தகப் பைக்குள் ஒரு கடிதம் வந்து சேர்ந்துவிடும். 'உங்கள் பிள்ளையின் வகுப்பில் உயிராபத்தை விளைவிக்கக்கூடிய உணவு ஒவ்வாமையுள்ள மாணவர் ஒருவர் கற்கின்றார். ஆகையினால் நிலக்கடலையோ ஏனைய கொட்டைப் பருப்புகளோ சேர்ந்த உணவு எதனையும் அனுப்ப வேண்டாம்' என்பதே அதன் சாரம். சில வகுப்புகளுக்கு முட்டை, எள், பால், மீன் என்று பட்டியல் நீள்வதும் உண்டு. அந்த மாணவர் யார் என்பதைக் கடிதம் பெரும்பாலும் தெரிவிப்பதில்லை. பெயர் தெரியாத ஒரு பிள்ளையின் பொருட்டு இருபது, இருபத்தைந்து வீடுகளின் சமையலறைகள் மறுநாள் காலையில் இருந்து தம் வழக்கத்தை மாற்றிக் கொள்கின்றன.

இலங்கைக்கு வெளியே இலங்கைத் தமிழர் மிகச் செறிந்து வாழும் இடங்களில் ரொறன்ரோப் பெரும்பாகமும் ஒன்று. அங்கு விடிகாலையில் பிட்டும் இடியப்பமும் கட்டிக் கொடுக்கும் தாய்மாரும் பாட்டிமாரும் இக்கடிதத்தைக் கையில் வைத்துக் கொண்டு திகைப்பதை இப்பத்தியாளர் நேரிற் கண்டிருக்கின்றார். எனவே இது கனடியரின் வீட்டு விவகாரம் என்று ஒதுக்கிவிடக் கூடியதன்று. பிறர் பிள்ளையின் உயிருக்காக நம் பிள்ளையின் உணவில் எவ்வளவு தூரம் கை வைக்கலாம், அவ்வாறு கை வைப்பதனால் அப்பிள்ளை உண்மையிலேயே காப்பாற்றப்படுகின்றதா என்ற இரு கேள்விகளும் இதில் அடங்கியிருக்கின்றன. முதலாவது கேள்வியைப் பற்றியே எல்லோரும் வாதிடுகின்றனர். இரண்டாவதைப் பற்றிக் கேட்போர் சிலரே.

இக்கடிதங்களின் பின்னணியில் ஒரு மரணம் இருக்கின்றது. 2003 ஆம் ஆண்டு செப்டெம்பரில் ஒன்ராறியோவின் பெம்புரோக் நகரில் 13 வயதுச் சிறுமி ஒருத்தி பாடசாலைச் சிற்றுண்டிச்சாலையில் பொரித்த உருளைக்கிழங்கு வாங்கி உண்டாள். பால், சோயா, நிலக்கடலை ஆகியன அவளுக்கு ஒவ்வாதவை. தனக்கு எது ஆகாது என்பதை நன்கறிந்த பிள்ளை அவள். ஆயினும் பாற்கட்டி பட்ட இடுக்கியினால் அந்த உருளைக்கிழங்கு எடுக்கப்பட்டமையால் பாற் புரதம் தொற்றியிருக்க வேண்டும் எனக் கருதப்பட்டது. வகுப்பறையில் மூச்சுத் திணறல் ஏற்பட்டபோது அவளது அட்ரினலின் ஊசி அவளது பெட்டகத்துக்குள் இருந்தது. அதனை எடுத்து வருவதற்கிடையில் காலம் கடந்துவிட்டது. அவளது பெற்றோரின் விடாமுயற்சியின் பயனாக 2005 ஆம் ஆண்டில் மாகாண சட்டசபை 'சப்ரினாவின் சட்டம்' என வழங்கப்படும் சட்டத்தை நிறைவேற்றியது. 2006 ஜனவரி முதலாம் திகதி அது நடைமுறைக்கு வந்தது.

இச்சட்டத்தைப் பற்றி எம்மவர் மத்தியிலும் ஒரு தவறான எண்ணம் நிலவுகின்றது. நிலக்கடலையைத் தடை செய்தது இச்சட்டமே என்று பலரும் நம்புகின்றனர். சட்டத்தில் அவ்வாறு எதுவும் இல்லை. ஒவ்வொரு கல்விச் சபையும் ஒவ்வாமை தொடர்பான கொள்கையொன்றை வகுக்க வேண்டும், ஊழியர்களுக்குக் கிரமமாகப் பயிற்சி அளிக்க வேண்டும், பாதிக்கப்படக்கூடிய ஒவ்வொரு மாணவருக்கும் தனித்தனியே திட்டம் இருக்க வேண்டும், ஆபத்து வேளையில் ஆசிரியர் ஊசி மருந்தை ஏற்றலாம், நல்லெண்ணத்துடன் அவ்வாறு செய்தவருக்கு எதிராக வழக்குத் தொடர முடியாது என்பனவே அதன் முக்கிய ஏற்பாடுகள். ஒவ்வாப் பொருட்களின் பரம்பலைக் குறைக்கும் வழிகளையும் கொள்கையில் சேர்க்குமாறு சட்டம் கூறுகின்றது. அந்த ஒரு வரியில் இருந்தே கடிதங்கள் பிறந்தன. சட்டத்துக்குக் காரணமான மரணம் நிலக்கடலையினால் நிகழ்ந்ததும் அல்ல. வீட்டில் இருந்து வந்த சாப்பாட்டினால் நிகழ்ந்ததும் அல்ல. பாடசாலை விற்ற உணவினாலும், எட்டாத இடத்தில் இருந்த மருந்தினாலும் நிகழ்ந்தது அது. ஆனால், கட்டுப்பாட்டின் பெரும் பாரம் வீடுகளில் இருந்து வரும் பெட்டிகளின் மீதே விழுந்திருக்கின்றது.

ஒவ்வாமையை அலட்சியம் செய்வதற்காக இதனைக் குறிப்பிடவில்லை. உணவு ஒவ்வாமை என்பது 'வயிற்றுக்குச் சரிவராமை' அன்று. உடலின் நிர்ப்பீடனத் தொகுதி தீங்கற்ற ஒரு புரதத்தைப் பகையாகக் கருதி அதற்கெதிரான பிறபொருளெதிரிகளை உருவாக்கி வைத்திருக்கின்றது. அப்புரதம் மீண்டும் உட்சென்றால், சில நிமிடங்களிலேயே இரசாயனப் பொருட்கள் பீறிட்டு வெளிப்பட்டுத் தொண்டை வீங்கும், சுவாசக் குழாய் சுருங்கும், இரத்த அழுத்தம் வீழும். அட்ரினலினை உடனே கொடுப்பதைத் தவிர அவ்வேளையில் வேறு முதற் சிகிச்சை இல்லை. அரிப்புக்குக் கொடுக்கும் மாத்திரையைக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பது உயிருக்கே உலை வைக்கக்கூடும். ஐக்கிய அமெரிக்காவில் பிள்ளைகளிடையே உணவு ஒவ்வாமை 1997-1999 காலப்பகுதியில் 3.4 சதவீதமாக இருந்து 2009-2011 இல் 5.1 சதவீதமாக உயர்ந்ததென அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு நிலையத்தின் தரவுகள் கூறுகின்றன. இது பெற்றோரின் கற்பனை அன்று.

ஆயின் தடை பயன் தருகின்றதா? மசாசுசெற்ஸ் மாநிலப் பாடசாலைகளை ஆராய்ந்து 2017 இல் வெளியிடப்பட்ட ஆய்வொன்று, நிலக்கடலையைக் கட்டுப்படுத்திய பாடசாலைகளிலும் கட்டுப்படுத்தாத பாடசாலைகளிலும் அட்ரினலின் ஏற்ற நேர்ந்த வீதத்தில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை எனக் கண்டது. அதேவேளை, சாப்பாட்டு மண்டபத்தில் நிலக்கடலை இல்லாத தனி மேசைகளை ஒதுக்கிய பாடசாலைகளில் அவ்வீதம் குறைவாக இருந்தது. 2021 இல், கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சூசன் வாசர்மன் முதலான நிபுணர்கள் சர்வதேச வழிகாட்டலொன்றை வெளியிட்டனர். ஊழியர் பயிற்சி, தனிநபர் திட்டம், எவருக்கும் பயன்படுத்தக்கூடியவாறு பாடசாலையிலேயே அட்ரினலின் வைத்திருத்தல் ஆகியவற்றை அவர்கள் பரிந்துரைத்தனர். பாடசாலை முழுவதற்குமான உணவுத் தடையைப் பரிந்துரைக்கவில்லை. சான்றுகள் வலுக்குறைந்தவை என்பதையும் அவர்கள் மறைக்கவில்லை.

காற்றில் வரும் மணமே கொல்லும் என்ற அச்சமும் பரவலாக உண்டு. 2003 இல் வெளியான ஆய்வொன்றில், கடும் ஒவ்வாமையுள்ள 30 பிள்ளைகளின் தோலில் நிலக்கடலை வெண்ணெய் தடவப்பட்டது. முகத்தருகே வைத்து முகரவும் விடப்பட்டது. ஒருவருக்கேனும் உயிராபத்தான தாக்கம் ஏற்படவில்லை. தொட்ட விரலை வாயில் வைப்பதே ஆபத்து. மீன், இறால் சமைக்கும்போது எழும் ஆவி சிலருக்கு இரைப்பை உண்டாக்கும் என்பது வேறு விடயம். சவர்க்காரமிட்டுக் கழுவினால் நிலக்கடலைப் புரதம் கையை விட்டுப் போய்விடும். கிருமிநீக்கித் திரவத்தினால் போகாது. கொவிட் காலத்தில் வகுப்பறை வாசல்கள் தோறும் அத்திரவப் போத்தல்களை வைத்து, கை சுத்தமாகிவிட்டதென்று ஆறுதல் அடைந்த நிர்வாகங்கள் இதனைக் கவனித்தனவா தெரியவில்லை.

இவ்வளவுக்குப் பின்னரும் தடை ஏன் நீடிக்கின்றது? தடை மலிவானது என்பதே எமது கணிப்பு. பயிற்சிக்கு நேரம் வேண்டும். மருந்துக்குப் பணம் வேண்டும். சாப்பாட்டு வேளையில் மேற்பார்வைக்கு ஆள் வேண்டும். கடிதத்துக்கு ஒரு கடதாசி போதும். கடிதம் அனுப்பியாயிற்று, இனிப் பொறுப்பு பெற்றோருடையது என்று நிர்வாகம் மூச்சு விடலாம். பாலர் வகுப்புகளின் நிலை வேறு. நான்கு, ஐந்து வயதுப் பிள்ளை தன் கையையும் அயலில் இருப்பவன் கையையும் வேறுபடுத்தி அறியாது. தனக்கு ஆகாததைக் கேட்டறியவும் தெரியாது. அவ்வயதில் வகுப்பறைக்கு மட்டும் கட்டுப்பாடு விதிப்பதில் நியாயம் இருக்கின்றது. பதின்மூன்று வயதுக்கும் அதே கடிதத்தை அனுப்புவதுதான் நியாயமாகத் தெரியவில்லை.

இனி எம்மவரின் சமையலறைக்கு வருவோம். சில ஆண்டுகளுக்கு முன்னர் ஸ்காபரோவில் எமது பெறாமகளின் வீட்டில் தங்கியிருந்த வேளை நிகழ்ந்தது இது. அவளது மகன் இரண்டாம் வகுப்பு. பாடசாலை அனுப்பிய கடிதத்துடன் தமிழ் மொழிபெயர்ப்பும் இணைக்கப்பட்டிருந்தது. மொழிபெயர்ப்பையும் அனுப்பிய நல்லெண்ணத்தைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால், அதில் 'கடலை வகைகளைத் தவிர்க்கவும்' என்றிருந்தது. தமிழ்நாட்டவருக்குக் கடலை என்றால் பெரும்பாலும் நிலக்கடலை. நமக்கோ கடலை என்றால் அவித்துத் தாளித்துச் சுண்டலாக உண்ணும் கொண்டைக்கடலை. நிலக்கடலைக்கு நம்மிடம் உள்ள பெயர் கச்சான். நல்லூர்த் திருவிழாக் காலத்தில் வீதியோரக் கடைகளில் சரையில் சுற்றித் தருவதை எவரும் கடலை என்று சொல்லி வாங்கியதில்லை. பிள்ளையின் அப்பம்மா கடிதத்தை மூக்குக் கண்ணாடியுடன் இரு முறை வாசித்தார். பின்னர் மிக்சர் பைக்கற்றைப் பிரித்து, அதிலிருந்த கடலையை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்துவிட்டு, கச்சானையும் ஓமப்பொடியையும் பெட்டியில் இட்டுக் கட்டினார். அரை மணி நேர வேலை அது. வேற்றுப் பிள்ளை ஒன்றுக்கு ஆகாதாம் என்று அத்தனை சிரத்தை!

நல்லவேளையாக ஆசிரியை கண்டுவிட்டார். பெட்டி வெளியே வைக்கப்பட்டது. பிள்ளை அன்று மதியம் யாரோ கொடுத்த ஓர் அப்பிள் பழத்துடன் இருந்தது. வீட்டுக்கு வந்து, இனி எனக்கு எங்களுடைய சாப்பாடு வேண்டாம், பாண் மட்டும் போதும் என்றது. அப்பம்மாவுக்கு விளங்கியபோது அவர் தன் பேரனுக்காக அழவில்லை. அந்தப் பிள்ளை தின்றிருந்தால் என்ன செய்திருப்பேன் என்றே அழுதார்.

சொல் ஒன்று பிழைத்தமையால் நிகழ்ந்ததுதான் இது. ஆயினும் உயிரைக் காக்கும் அறிவித்தலில் சொல்தான் மருந்து. இலங்கைத் தமிழ்க் குடும்பங்களுக்கு அனுப்பும் கடிதத்தில் 'கச்சான்' என்றும், மரமுந்திரிகைப் பருப்புக்குக் 'கஜு' என்றும் எழுதப்பட வேண்டும். அச்சொற்களைக் கொச்சை எனக் கருதி ஒதுக்குவது மொழிபெயர்ப்பாளரின் இலக்கண சுத்தத்துக்கு நல்லதாக இருக்கலாம், பிள்ளைகளுக்கு நல்லதன்று. தமிழ்நாட்டில் இருந்து வந்து ஸ்காபரோத் தமிழ்க் கடைகளில் விற்கப்படும் கடலை மிட்டாயும் கடலை எண்ணெயும் நிலக்கடலையால் ஆனவை என்பதையும் எம்மவர் மனதில் இருத்த வேண்டும். பெயர் நமக்குப் பழக்கமானது, பொருள் வேறு.

கச்சானை விட்டுவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்றும் இல்லை. கனடாவில் பொதி உணவுகளில் கட்டாயம் குறிப்பிட வேண்டிய முதன்மை ஒவ்வாப் பொருட்களின் பட்டியலில் பால், முட்டை, மீன், இறால் நண்டு வகை, சோயா, கோதுமை என்பவற்றுடன் எள்ளும் கடுகும் இடம்பெற்றுள்ளன. ஐக்கிய அமெரிக்கா எள்ளைத் தன் பட்டியலில் ஒன்பதாவதாகச் சேர்த்து 2023 ஜனவரி முதல் நடைமுறைப்படுத்தியது. கடுகு அங்கு இன்னும் இல்லை. எள்ளையும் கடுகையும் நீக்கிவிட்டால் நம் சமையலில் மிஞ்சுவது என்ன? தாளிதம் இல்லாத கறி, நல்லெண்ணெய் இல்லாத தோசை, எள்ளுருண்டை இல்லாத பலகாரத் தட்டு. கச்சான் வெண்ணெய்க்குப் பதிலாகச் சோயாவில் செய்த பசையைப் பாணில் தடவிக் கொடுக்கலாம் என்று கனடியத் தாய்மாருக்கு ஆலோசனை கூறப்படுகின்றது. தோற்றத்திலும் மணத்திலும் அது கச்சான் வெண்ணெயைப் போலவே இருப்பதனால் சில பாடசாலைகள் அதனையும் தடுத்துவிட்டன. கடுகுக்கு அத்தகைய மாற்றும் இல்லை. வெளியார் கண்ணுக்கு எந்தக் கறியில் கடுகு இருக்கின்றது, எதில் இல்லை என்பது தெரிவதும் இல்லை. ஆகவே சந்தேகத்தின் பேரில் முழுக் கறியுமே ஒதுக்கப்படுகின்றது.

இங்குதான் எம்மவரிடையே இரு விதமான பேச்சுகள் எழுகின்றன. 'ஒருவனுக்காக எல்லோரும் ஏன் பட்டினி கிடக்க வேண்டும்?' என்பது ஒன்று. இதனை நாம் ஏற்பதற்கில்லை. ஒரு பிள்ளையின் கற்கும் உரிமைக்கும் இன்னொரு பிள்ளையின் கச்சான் ஆசைக்கும் இடையில் தராசு பிடிக்க வேண்டிய தேவையே இல்லை. ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்க்கச் சொன்னது பழமொழி. ஊட்டாமல் இருப்பதும் வளர்ப்பே ஆகும் காலம் இது. 'அவர்கள் சொன்னால் சொன்னபடி செய்துவிட்டுப் போவோம்' என்பது மற்றது. கேட்பதற்குப் பண்பாகத் தோன்றினாலும் இதுவும் போதாது. பணிந்து போகும் பெற்றோர் பாடசாலைக் கூட்டத்தில் எழுந்து, உங்கள் ஆசிரியர்களில் எத்தனை பேருக்கு அந்த ஊசியைக் குத்தத் தெரியும், அது எந்த அலுமாரியில் இருக்கின்றது, அந்த அலுமாரிக்குப் பூட்டு உண்டா என்று கேட்பதில்லை. கேட்க வேண்டியது அதுவே. ஒவ்வாமையுள்ள பிள்ளையின் தாய்க்கும் அக்கேள்வி உதவும். இதர தாய்மாருக்கும் உதவும்.

புதிதாகக் குடியேறிய, இரு வேலை பார்க்கும் குடும்பங்களின் கஷ்டத்தையும் சொல்லியாக வேண்டும். கச்சான் வெண்ணெய் வட அமெரிக்காவில் ஏழைகளின் புரதம். மலிவு, கெடாது, சமைக்க வேண்டியதில்லை. அதற்குப் பதிலாக இறைச்சியோ பாற்கட்டியோ வாங்கச் சொல்வது எல்லாப் பணப்பைகளுக்கும் ஒரே பாரம் அன்று. கடிதம் எழுதுவோர் இதனைச் சிந்திப்பதாகத் தெரியவில்லை.

மேற்கு லண்டனில் 2017 இல் நிகழ்ந்த மரணம் இவ்விவாதத்தின் மற்றொரு பக்கத்தைக் காட்டியது. பாலுக்குக் கடும் ஒவ்வாமை கொண்ட 13 வயது மாணவன் மீது சக மாணவன் ஒருவன் பாற்கட்டித் துண்டொன்றை விளையாட்டாக எறிந்தான். அது கழுத்தில் பட்டது. பாடசாலையில் வைக்கப்பட்டிருந்த அவனது ஊசி மருந்து காலாவதியாகி இருந்தமை பின்னர் மரண விசாரணையில் தெரிய வந்தது. எறிந்த பிள்ளைக்கு அது உயிரைப் போக்கும் என்ற அறிவு இருக்கவில்லை. கடிதம் பெற்றோருக்குப் போகின்றது. பிள்ளைகளுக்கு யார் சொல்வது? இன்ன பொருள் உனக்குத் தடை என்று மட்டும் கேட்டு வளரும் பிள்ளை, அத்தடைக்குக் காரணமானவன் மீது எரிச்சல் கொள்வதும் இயல்பே. ஏன் என்று கேட்டு வளர்ந்தால் எறிய மாட்டான். மூச்சுத் திணறுபவனைக் கண்டால் ஓடிச் சென்று ஆசிரியரை அழைப்பான்.

மருத்துவ உலகமும் இவ்விடயத்தில் தடுமாறியே வந்திருக்கின்றது. ஒவ்வாமைக்கான வாய்ப்பு அதிகமுள்ள குழந்தைகளுக்கு மூன்று வயது வரை நிலக்கடலை கொடுக்க வேண்டாம் என அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2000 ஆம் ஆண்டில் அறிவுறுத்தியது. 2008 இல் அதனைக் கைவிட்டது. அதே ஆண்டில், பிரித்தானியாவில் வாழும் யூதப் பிள்ளைகளில் 1.85 சதவீதத்தினருக்கு நிலக்கடலை ஒவ்வாமை இருக்க, குழந்தைப் பருவத்திலேயே நிலக்கடலைச் சிற்றுண்டி உண்ணும் இஸ்ரேலியப் பிள்ளைகளில் அது 0.17 சதவீதம் மட்டுமே என்ற ஆய்வு வெளிவந்தது. லண்டனில் கிடியோன் லாக் தலைமையில் 640 குழந்தைகளைக் கொண்டு நடத்தப்பட்டு 2015 இல் வெளியான ஆய்வு இதனை உறுதிப்படுத்தியது. நிலக்கடலையைத் தவிர்த்து வளர்ந்தவர்களில் 17.2 சதவீதத்தினருக்கும், சிறுவயதிலேயே உண்டு வளர்ந்தவர்களில் 3.2 சதவீதத்தினருக்கும் ஐந்து வயதில் ஒவ்வாமை காணப்பட்டது. காக்கும் என்று நம்பி விலக்கியதே நோயைப் பெருக்கியிருக்கக் கூடும் என்பது கசப்பான செய்தி. அறிவுறுத்தல்கள் மாறிய பின்னர் அமெரிக்காவில் சிறு குழந்தைகளிடையே நிலக்கடலை ஒவ்வாமை கணிசமாகக் குறைந்து வருவதாக 2025 இல் வெளியான ஆய்வு கூறுகின்றது. ஆயினும் ஏற்கெனவே ஒவ்வாமையுடன் வகுப்பில் அமர்ந்திருக்கும் பிள்ளைக்கு அதனால் ஆறுதல் இல்லை. வைத்தியரின் கண்காணிப்பு இன்றி அதற்குக் கச்சானை ஊட்டிப் பார்க்கும் விபரீதத்தில் எந்தப் பாட்டியும் இறங்கிவிடக் கூடாது.

நம் நாட்டில் நிலைமை எவ்வாறு உள்ளது? சாப்பாட்டைப் பகிர்ந்து உண்ணும்படி பிள்ளைக்குக் கற்பிப்பதே நமது பண்பு. இடைவேளையில் ஒருவன் பெட்டியில் மற்றவன் கை வைப்பது நட்பின் அடையாளம். பகிராதே என்று கனடிய ஆசிரியை சொல்வது நமது காதுக்கு ஒவ்வாத சொல். ஆனால், பால், முட்டை, இறால், கணவாய் ஆகியவற்றுக்கு உடம்பு தடிக்கும் பிள்ளைகள் நம் வகுப்புகளிலும் இருக்கின்றனர். வீட்டில் அதனைக் 'கிரந்தி' என்றோ 'உடம்புக்குச் சேராது' என்றோ சொல்லிவிட்டுப் போகின்றோம்.

இலங்கை வைத்தியர்கள் இந்நோயை அறியாதவர்கள் அல்லர். பாம்புக் கடிக்கான விஷமுறி மருந்து ஏற்றும்போது ஏற்படும் கடும் ஒவ்வாமையை இந்நாட்டு விடுதிகளில் அவர்கள் நாளாந்தம் கண்டு வருகின்றனர். 1,007 நோயாளரைக் கொண்டு இலங்கையில் நடத்தப்பட்டு 2011 இல் வெளியிடப்பட்ட ஆய்வு, முன்கூட்டியே சிறிதளவு அட்ரினலின் கொடுப்பதனால் அத்தகைய கடும் தாக்கங்கள் கணிசமாகக் குறைவதை உலகுக்குக் காட்டியது. மருந்தும் அறிவும் வைத்தியசாலையில் இருக்கின்றன. பிள்ளை தடித்து, குரல் கம்மி, இரைக்கத் தொடங்கும் இடமோ பாடசாலை. வன்னியிலோ மலையகத்திலோ அவ்விடத்துக்கும் வைத்தியசாலைக்கும் இடையிலுள்ள தூரத்தை முச்சக்கரவண்டியில் கடக்க எடுக்கும் நேரம், அந்நோய் தரும் அவகாசத்தை விட அதிகமாக இருக்கலாம்.

கனடாவைப் பார்த்து இங்கும் கடிதம் அனுப்பத் தொடங்க வேண்டும் என்று நாம் கூறவில்லை. முதலாம் தரத்துக்கு அனுமதி பெறும் பிள்ளையிடம் உணவு ஒவ்வாமை உண்டா என்று ஒரு வரி கேட்கலாம். உண்டென்று பதிலளித்த பெற்றோரை அழைத்து, எது ஆகாது, ஆகாதது உட்சென்றால் என்ன நடக்கும், அடுத்த கணம் யாருக்குத் தொலைபேசி எடுப்பது என்பதை வகுப்பாசிரியர் ஒரு கொப்பியில் எழுதி வைக்கலாம். பாடசாலையில் உணவு வழங்கும் திட்டத்தின் கீழ் சமைக்கும் தாய்மாரிடமும் அக்கொப்பியின் பிரதி ஒன்று இருக்க வேண்டும். அதில் கச்சான் கச்சான் என்றே எழுதப்படட்டும்.